பக்கத்துக் கட்டில்

மழை ஓய்ந்த ஒரு காலையில் தோணித்துறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். பனிச்சங்கேணியிலிருந்து என்னை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த மீன்காரர்கள் தயங்கித் தயங்கித் திரும்பிப் போனார்கள். கூட நிற்க ஆர் இருக்கிறது என்று தாதி கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அம்மா போன பிறகு ஆள் அண்டாமல் இருந்து பழகியவன் நான். படகு எஞ்சின் திருத்தக் கொண்டுவருகிறவர்களிடமும் வேலைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டேன். அதை நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்டவில்லை. கூப்பிடக் கூச்சம். வாய் உலர அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர்த் துணி வியாபாரி ஒருவர். சைக்கிளில் போகையில் வான் வண்டி தட்டி இடுப்பில் அடி. அவருடைய மனைவி எழுந்து வந்து போத்தலைத் திறந்து என் வாயருகே பிடித்தார். அன்று முதல் அவர்கள் வீட்டுச் சோற்றில் எனக்கும் பங்கு. வேண்டாமென்றால் வியாபாரி விடமாட்டார். "தனியத் திண்டா எனக்கு இறங்காது தம்பி. நீங்களும் தின்னுங்க."

அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி எவரிடமும் சொல்லாததை, முகட்டைப் பார்த்தபடி அவரிடம் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு முட்டியது. மனைவி மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அவர் கை என் பக்கம் நீண்டது. நானும் நீட்டினேன். இடையில் ஒரு முழம்தான். பாரம் காலைப் பிடித்து இழுத்தது. "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று தாதியைக் கத்திக் கூப்பிட மட்டுமே முடிந்தது. ஓடி வந்து கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

மனைவி திரும்பி வந்து வெறும் நிலத்தைப் பார்த்தார்.

"எங்க தம்பி இவர்?"

சொன்னேன். மருந்துப் பையோடு தனியே ஓடினார். கூடப் போக என்னால் முடியவில்லை.

பின்னேரம் சாமான் எடுக்க வந்த உறவினர், கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றியாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் உறைத்தது, அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நான் அவரை, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், காக்கா என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் கூப்பிட்டதே போதுமாயிருந்தது.

நடக்கத் தொடங்கியதும் ஏறாவூர்க் கடைத்தெருவில் விசாரித்தேன். துணி வியாபாரிகள் அங்கே எத்தனையோ பேர். ஒருவர் இருக்க வைத்து, குடிக்கப் பிளேன்ரீ தந்து, விசாரித்துச் சொல்வதாக என் நம்பரை வாங்கிக்கொண்டார். இன்னும் ஒன்றும் தெரியாது. தெரியாத நம்பர் எது வந்தாலும் இப்போதெல்லாம் எடுத்துவிடுகிறேன்.