கடல் ஒத்துக்கொள்ளாத மிஸ்ஸி

றஜிதா எலுவன்குளத்துப் பிள்ளை. குளத்தில் நீந்துவாள், வரம்பில் ஓடுவாள், யானை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றும் தெரியும். கடல் மட்டும் ஒத்துக்கொள்ளாது. பிரசவம் பார்க்கிற மிஸ்ஸியாக, அரசாங்க மொழியில் மருத்துவமாதாகப் படித்து முடித்ததும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள தீவொன்றையும் சேர்த்து அவள் பொறுப்பில் கொடுத்தார்கள். "என்ர சாதகத்தை எழுதினவன் நல்ல பகிடிக்காரன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

படகில் ஏறும்போது வெள்ளைச் சீருடை, கையில் பிரஷர் பார்க்கும் பெட்டி, முகத்தில் அரசாங்கத்தின் கம்பீரம். இறங்கும்போது பெட்டியை ஒருவர் தூக்குவார், றஜிதாவை இன்னொருவர் தூக்குவார். கம்பீரம் கடலோடு போயிருக்கும்.

அன்றைக்கு அவள் போனது யூஜீனியாவுக்காக. யூஜீனியாவுக்கு நிறைமாதம் நெருங்கிவிட்டது. முதல் பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிற்காமல் போய், ஆஸ்பத்திரியில் இருந்தபடியால்தான் தப்பினாள். இந்த முறை தீவில் வலி தொடங்கினால், படகு கரை சேருமுன் என்னவும் நடக்கலாம். அவளை இப்போதே கற்பிட்டிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவளோ அசையமாட்டேன் என்கிறாள். மீன் நன்றாகப் படுகிற காலம், கருவாடு போட ஆள் இல்லை.

சொல்ல வேண்டியதை றஜிதா படகிலேயே மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். இரண்டாவது வசனத்தில் குமட்டிக்கொண்டு சத்தி வந்துவிட்டது.

யூஜீனியாவின் வாடிக் குடிசைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட பாயில் படுத்துவிட்டாள். யூஜீனியா வயிற்றைப் பிடித்தபடி மெல்லக் குந்தி, தேசிக்காயை அவள் மூக்கருகே பிடித்தாள்.

"எத்தனையாம் மாசம் மிஸ்ஸி?"

வெளியே மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பகிடி விடாதீங்க அக்கா. நீங்க இண்டைக்கே என்னோட வரவேணும்."

"முதல்ல எழும்பி இருங்க. பிறகு பேசலாம்."

எழும்பி இருந்தாள். பிரஷர் பார்த்தாள், வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இரத்தப்போக்கு, ஊசி, இரத்தம் ஏற்றுவது என்று பயிற்சியில் சொல்லித் தந்த அத்தனையையும் சொன்னாள். யூஜீனியாவின் புருஷன் யூட் வாசலில் நின்று கேட்டான்.

"மிஸ்ஸி சொல்றது சரிதானே," என்றான்.

"சரிதான். நான் போனா நீயா மீன் வெட்டிக் காயப்போடுவாய்?"

யூட் வலை பார்க்கப் போய்விட்டான்.

பின்னேரம் படகு புறப்பட நின்றது. காற்று லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் அலையைக் கண்டதுமே றஜிதா மணலில் குந்திவிட்டாள். கரையிலேயே இன்னொருமுறை சத்தி எடுக்கப் பார்த்தாள். உள்ளே எதுவும் மிச்சமில்லை.

"இவவைத் தனியா ஏத்த ஏலாது," என்றான் படகோட்டி. "மயங்கிக் கடலுக்குள்ள விழுந்தா நான்தான் பதில் சொல்லவேணும். பொம்பிளை ஒராள் பிடிச்சுக்கொண்டு வாங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லார் கையிலும் மீன். யூஜீனியா கத்தியைக் கழுவி வைத்தாள்.

"எனக்காக வந்த பிள்ளை. விட்டிட்டு நாளைக்கு வந்திடுவன்," என்று யூட்டிடம் சொன்னாள்.

கற்பிட்டி வரை நிறைமாதக்காரியின் மடியில் மருத்துவமாது கிடந்தாள். காதருகே பிள்ளை இரண்டு முறை உதைத்தது. அதற்கும் இந்தக் கூத்து பொறுக்கவில்லை போலும்.

துறையில் ஆட்டோக்காரன் அஸ்மி, தொங்கிய தலையோடு வந்த றஜிதாவைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குத்தானே?" என்றான்.

"ஓம் தம்பி. இவவுக்குச் சரியான ஏலாமை," என்றாள் யூஜீனியா.

ஆஸ்பத்திரித் தரையில் கால் பட்டதும் றஜிதாவுக்கு உயிர் வந்தது, உயிரோடு வாயும் வந்தது. டொக்டரிடம் யூஜீனியாவின் கதை முழுவதையும் ஒப்புவித்தாள். டொக்டர் யூஜீனியாவைச் சோதித்துவிட்டு, கட்டில் ஒன்றைக் காட்டினார். போகவேண்டாம் என்றார்.

யூஜீனியா றஜிதாவை முறைத்தாள். "பிளான் பண்ணித்தானே சத்தி எடுத்தீங்க?"

ஓம் என்று சொல்ல றஜிதாவுக்கு ஆசைதான். அவள் உத்தியோகத்தில் செய்த ஒரே கெட்டித்தனமாக அது இருந்திருக்கும்.

"இல்லை அக்கா. எனக்கு அவ்வளவு மூளை இல்லை."

யூஜீனியா தலையணையைத் தட்டிப் போட்டாள். பிறகு கட்டிலில் ஏறிச் சாய்ந்தாள். "பிளான் எண்டா இப்பவே எழும்பிப் போயிருப்பன்."

அடுத்த கிழமையே பெண்பிள்ளை பிறந்தது. இந்த முறையும் இரத்தம் நிற்க மறுத்தது. பக்கத்தில் டொக்டரும் ஊசியும் இருந்தபடியால் நிறுத்த முடிந்தது. யூட்தான் போனில் சொன்னான்.

"தாயும் பிள்ளையும் சுகம் மிஸ்ஸி. கருவாடுதான் பாதி புழுத்துப்போச்சு."

தாய் பிள்ளையின் சுகம், கருவாட்டின் புழு, இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று றஜிதா ஏற்றுக்கொண்டாள்.