மூன்று கேமராக்களும் ஒரு வாட்ச்மேனும்

டயர் கிடங்கில் அவருக்கு 'ரவுண்ட்ஸ்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். இரவுக் காவலில் மணிக்கு ஒரு முறை கிடங்கைச் சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்ற வாட்ச்மேன்கள் நாற்காலியில் சாய்ந்தபடியே மனசால் சுற்றி வந்துவிடுவார்கள். இவர் மட்டும் நிஜமாகவே சுற்றினார். டயர்கள் மேல் பாசமோ முதலாளி மேல் விசுவாசமோ அதற்குக் காரணம் இல்லை. உட்கார்ந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அந்த ரவுண்டும் கூடவே வந்துவிட்டது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு சந்து, பின்னால் துணி துவைக்கும் கல். ஒரு நிமிடத்தில் சுற்றி முடித்துவிடலாம். அது போதாமல் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தெருவில் களவு போனதாகச் சரித்திரமே இல்லை. அதற்குத் தானே காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

அவர் மனைவிக்கு இரண்டு வருடமாக மறதி. அடுப்பில் பாலை வைத்தது மறந்தது, பிறகு மகளின் பெயர் மறந்தது. ஒரு சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் செருப்பில்லாமல் நின்றவளை மருந்துக்கடைக்காரர் அடையாளம் கண்டு கூட்டி வந்தார்.

வெளியூரிலிருந்து மகள் ஓடி வந்தாள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் இருக்கிறது, அம்மாவை அங்கே சேர்த்துவிடலாம் என்றாள். அவள் கல்மனசுக்காரி இல்லை. வேலை, பிள்ளைகள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமனார் என்று அவள் பாடே திண்டாட்டம். இவர் ஒரே பிடியாக முடியாது என்றார். கடைசியில் கேமரா வைப்பதென்று முடிவானது. கேட், சந்து, பின்கதவு என்று மூன்று இடத்தில் வயர் இல்லாத கேமரா. அம்மா வாசல் பக்கம் வந்தால் மகளின் போன் மணியடிக்கும். அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வாள்.

"இது ஒழுங்கா வேலை செய்யுற வரைக்கும் அம்மா இங்க இருக்கட்டும்பா. பாதியில நின்னுச்சுன்னா அப்புறம் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்."

கேமரா மாட்ட வந்தது ஒரு பெண். ஏணியையும் டிரில்லையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரவுண்ட்ஸ் கீழே நின்று, வேலைக்கு ஆள் எடுக்கிறவர் போலக் கேள்வி கேட்டார்.

"இது ராத்திரி பூரா முழிச்சிருக்குமாம்மா?"

"இல்லீங்க ஐயா. சும்மா இருக்கும்போது தூங்கும். எதிர்ல யாராவது அசைஞ்சாதான் முழிச்சுப் படம் பிடிக்கும். அதனாலதான் ஒரு தடவ சார்ஜ் போட்டா மாசக்கணக்குல தாங்குது."

"ஆளு வந்தப்புறம் முழிக்கிறதுக்குப் பேரு காவலா? எங்க கிடங்குல மறுநாளே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை, கேட் கேமராவின் பேட்டரி தீர்ந்தது. அடுத்து சந்தில் இருந்தது. கேமராக்காரப் பெண் வந்து பார்த்தாள். கேட்டோரம் இருந்த செடியின் கிளை காற்றில் ஆடுகிறது, ஆடும்போதெல்லாம் கேமரா விழித்துக்கொள்கிறது என்று கிளையை வெட்டினாள். தெருவில் போகிற வண்டிகளின் வெளிச்சம் படாதபடி கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பினாள். வைஃபை பெட்டி உள்ளறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது; சிக்னல் கிடைக்கக் கேமரா படாதபாடு படும், பேட்டரி அதிலேயே போய்விடும் என்று பெட்டியை ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கம்பெனியில் சண்டை போட்டுப் புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினாள். அதுவும் அதே கதிதான்.

இதற்குள் ரவுண்ட்ஸுக்குக் கேமராக்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. கிடங்கில் சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாட்ச்மேன் விழித்திருக்கிறானா என்று பார்ப்பார். இப்போது இவர் சூப்பர்வைசர் ஆனார். ஒவ்வொரு கேமராவின் முன்னாலும் போய் நிற்பார். சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். பேட்டரி சீக்கிரம் தீரத் தீர, இவர் அடிக்கடி போய்ப் பார்த்தார். பட்டப்பகலிலும் கையில் டார்ச்.

வியாழக்கிழமை மகள் போன் செய்தாள். "இன்னைக்கு மத்தியானம் பூரா கேட் கேமரா செத்துக் கிடந்துச்சுப்பா. அம்மா போயிருந்தா யாருக்குத் தெரியும்? அந்த இல்லத்துல பேசிட்டேன். சனிக்கிழமை வர்றேன்."

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், கேமராக்காரப் பெண்ணைத் தானே கூப்பிட்டார். "எப்படியாவது சரி பண்ணிக் குடும்மா. இல்லேன்னா அவளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சனிக்கிழமை காலையில் கேமராக்காரப் பெண் வந்தபோது மகளும் வந்திருந்தாள். கூடத்தில் அம்மாவின் துணிகள் பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தன.

"கேமரா எடுத்த படத்தையெல்லாம் ஒரு தடவ பாத்துடலாமாக்கா? உங்க வீட்டு விஷயம்னு நான் இதுவரைக்கும் தொறக்கல" என்றாள் கேமராக்காரப் பெண்.

"நானே பாக்கறதில்ல. மணியடிக்கும், பாத்தா அப்பா. மறுபடி அடிக்கும், மறுபடியும் அப்பா. ஆபீஸ்ல மானம் போகுதுன்னு சத்தத்தையே நிறுத்திட்டேன்" என்றாள் மகள்.

சமையலறை மேஜையில் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து மூவரும் பார்த்தார்கள். முதல் படத்தில் ரவுண்ட்ஸ். அடுத்ததிலும் ரவுண்ட்ஸ். ஒன்றில் அவர் நெற்றி மட்டுமே திரை முழுக்க இருந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்கல்ல, ஒரு ரவுண்டு விட்டதில்ல" என்றார் அவர் பெருமையாக.

"ஐயா, பேட்டரியைத் தின்னது கிளையும் இல்ல, வெளிச்சமும் இல்ல. நீங்கதான். அது தூங்கினாதான் தாங்கும். நீங்க தூங்கவே விடல."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அவர் விழித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரையில் அவர் சந்துப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டார். படம் இன்னும் சில நொடி ஓடியது. வெறுங்காலோடு அவர் மனைவி வந்தாள். அவர் போன பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவளும் அந்தப் பக்கமே நடந்தாள்.

அடுத்த படத்திலும் அவர் போனார், பின்னால் அவள் வந்தாள். அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒன்றில் அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. அவரைக் காணாமல் அவள் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள்.

மகள் படத்தை நிறுத்தினாள்.

"அவ காணாம போன அன்னைக்கு, நான் தெருமுனை வரைக்கும் போயிருந்தேன்" என்றார் ரவுண்ட்ஸ். டார்ச்சை மேஜைமேல் வைத்தார். "இனிமே போகல."

"உங்களால முடியுமாப்பா?"

"முடியாதுதான். ஆனா போக மாட்டேன்."

மகள் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து பீரோவில் வைக்கப் போனாள். போகும்போதே போனில் மணிச் சத்தத்தைத் திரும்பப் போட்டாள்.

அதன்பின் பேட்டரி ஒரு கோடுகூடக் குறையாமல் நின்றது. ரவுண்ட்ஸ்தான் குறைந்துபோனார். மனைவியின் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையை ஆட்டி ஆட்டி அவளுக்கு ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் எழுந்து போகவே இல்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் அவள் கேட்டாள், "டூட்டிக்கு நேரமாச்சே, கிளம்பலையா?"

"இல்ல. லீவு."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே லீவுதான்."

"அப்போ ராத்திரி இங்கதான் இருப்பீங்களா?"

"இங்கதான்."

அவள் சுவரோரம் நகர்ந்து கட்டிலில் அவருக்கு இடம் விட்டாள். நகர்ந்துவிட்டு, "கல்யாணமான புதுசுல நான் ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டே கெடப்பேன். அப்பவே கேட்டிருந்தா லீவு குடுத்திருக்க மாட்டாங்களா?" என்றாள்.

கிடங்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, பகல் டூட்டிக்கு மாறிக்கொள்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பகலில் ரவுண்டு கிடையாது. அதனால் வேண்டாம் என்று சொன்னவர் இவர்தான். வீட்டில் அதை இன்றுவரை சொன்னதில்லை.

"குடுத்திருப்பாங்க" என்றார்.