சர்மிளாவின் காப்பும் மாத்திரையும்

கந்தப்பளையில் சர்மிளாவை எமனிடமிருந்து ஏழு தடவை பிடுங்கி வந்தவள் நான். சரி, ஒரு தடவை. அதுவும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் என் பங்கு.

சர்மிளா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். வாயும் கையும் ஒரே வேகம். பிறவியிலேயே ஒரு குறை: சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்கு உடம்புக்கு வேண்டிய ஸ்டீரோயிட்டைச் செய்யத் தெரியாது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து இறங்கியது. அதனால் தினமும் மூன்று வேளை மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடும். இதை அவள் ஒளிப்பதில்லை. மற்றவர்கள் வெற்றிலை போடும்போது இவள் மாத்திரை போடுவாள்.

போன வருஷம் அம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டியவர் விழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. மறுநாள்தான் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. விழா முடிய இன்னும் ஆறு நாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த மருந்து இல்லை. நுவரெலியா கிளினிக்கிலோ ஆள் நேரில் போகாமல் கொடுக்கமாட்டார்கள்.

பூசாரி சிவசாமியிடம் போய் நின்றாள். எல்லை தாண்ட முடியாது, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார் அவர். சர்மிளா குரலை உயர்த்தவில்லை.

"மாமா, மாத்திர இல்லாம நான் பால்கொடத்தோட விழுந்தா எந்திரிக்க மாட்டேன். அப்ப அம்மன் யாரக் கேக்கும்? என்னயவா, ஒங்களயவா?"

சிவசாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். கோயிலை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, உடுக்கைச் சத்தம் கேட்கிற இடமெல்லாம் கோயில் எல்லைதான் என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியொரு சட்டத்தை அம்மனே அன்றுதான் கேள்விப்பட்டிருப்பாள்.

மறுநாள் நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். சிவசாமி ஒரு நொடி விடாமல் உடுக்கை அடித்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்தார். முன்சீட்டுச் சிங்கள அம்மா எழுந்து சாமியாடினார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சல்யூட் வைத்தார். டொக்டர் மட்டும் அசையவில்லை. விரதமென்று பட்டினி கிடக்கவே கூடாது, மாத்திரை ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்று கண்டித்து, இரண்டு மாதத்துக்கு எழுதிக்கொடுத்தார். சர்மிளா வயிறாரச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டுத்தான் பால்குடம் எடுத்தாள். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்கே வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரி டீச்சரம்மா. ஆனா மாமா ரெண்டாவது வளைவுலயே தூங்கிட்டாரு. நுவரெலியா வரைக்கும் உடுக்கைய அடிச்சது நான்தான்."