உப்புத் தெரியாத நாக்கு

எண்ணூர்க் கழிமுகத்தில் முழங்கால் சேற்றில் இறங்கி, ஆடு மேய்ந்தது போக மிச்சமிருந்த கண்டல் மரத்து இலைகளைப் பறித்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். "இன்னாமா, மீனா?" என்பார் கண்டக்டர். இலை என்றால் யார் நம்புவார்கள்? ஆமாம் என்றுவிடுவேன்.

உப்புத் தண்ணீரிலேயே நிற்கிற மரம் அது. அதைச் சாகாமல் வைத்திருக்கும் மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்து நெல்லுக்குள் செலுத்தினால், கடல் தண்ணீர் புகுந்த வயலிலும் நெல் விளையுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரி, மொட்டை மாடியில் வலைக்குடில். என் வழிகாட்டிப் பேராசிரியர் கோயம்புத்தூர்க்காரர், சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். இரண்டு வருடம் நாய் மாதிரி உழைத்ததில் மரபணு ஏறிய நாற்று ஒன்பதுதான் தேறியது. அவை போனால் என் பட்டமும் போச்சு.

பக்கத்திலேயே ஒன்பது தொட்டியில் சாதா நெல். இரண்டுக்கும் முதலில் நல்ல தண்ணீர் விட்டு வளர்த்து, பிறகு அளந்து உப்புக் கலந்து பார்ப்பதாகத் திட்டம்.

அந்தக் கோடையில் குழாய் வறண்டு, கல்லூரிக்கு லாரித் தண்ணீர் வந்தது. உப்பு அளக்கும் மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. "தண்ணி எப்படிங்க இருக்கு?" என்று சார் கேட்டார். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "சூப்பர் தண்ணி சார்" என்றேன். திருவொற்றியூரில் அடிபம்பு அடித்தே வளர்ந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர்.

பத்து நாளில் சாதா நெல்லின் நுனி கருகியது. பிறகு மொத்தமும் மஞ்சளாகிச் சாய்ந்தது. ஏதோ நோய், மற்ற ஒன்பதுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சார் வந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தார். லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மிலிருந்து ஒரு வாய் வைத்தவர் அப்படியே துப்பினார்.

"இதை எப்படிங்க நல்ல தண்ணின்னு சொன்னீங்க?"

திரும்பவும் குடித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

மரபணு நாற்று ஒன்பதும் பச்சைப்பசேலென்று நின்றன. குதித்திருக்க வேண்டும் நான். ஆனால் எந்த லாரியில் எவ்வளவு உப்பு என்று யாருக்கும் தெரியாததால் அதை ஆய்வேட்டில் எழுத முடியாது. "செடி நிக்குதுங்க, அது போதும். விதை எடுத்து மறுபடி பண்ணிக்கலாம்" என்றார் சார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் பாட்டிலை நீட்டி, "இதுதாங்க நல்ல தண்ணி" என்றார். குடித்தேன். சப்பென்று இருந்தது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே குடத்தில் சொம்பை விட்டேன். ஒரு வாய் எடுத்து விழுங்காமல் வைத்திருந்தேன்.

"இன்னாடி, கொப்புளிச்சிக்கினு கீற?" என்றாள் அம்மா.

"நம்ம தண்ணி உப்பு கரிக்குதாம்மா?"

சொம்பைப் பிடுங்கி அண்ணாந்து குடித்தாள். "உப்பா? கல்கண்டு மாறி கீது. எவன் சொன்னான்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இன்னொரு சொம்பு மொண்டு குடித்தேன். எவ்வளவு முயன்றும் கரிக்கவே இல்லை.