இந்தத் தண்ணீர் எங்கே போகும்?

போன சனிக்கிழமை இரண்டு இரும்புப் படகுகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டு வந்தேன்.

படகைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். படகு தெரியாது. வெல்டிங் தெரியும். திருச்சியில் ஒரு பாய்லர் ஃபாக்டரியில் பதினோரு வருஷம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவள் நான். ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. லண்டனுக்கு வந்த பிறகு வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இது யோகன் அண்ணைக்குத் தெரியும். விம்பிள்டனில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டன் தெருக்களில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். மனுஷனுக்கு இப்போது ஒரே ஆசை — நேரோபோட். இங்கே கால்வாய்களில் பார்க்கலாம்... ரயில் பெட்டி போல நீளமாக, ஒல்லியாக, கூரையில் பூந்தொட்டியும் சைக்கிளும் வைத்துக்கொண்டு, நடக்கிறவர்களைவிட மெதுவாகப் போகும். உள்ளே அடுப்பு, கட்டில், பாத்ரூம் எல்லாம் உண்டு. வீட்டை விற்றுவிட்டு அதில் குடியேற வேண்டுமாம்.

அவர் மனைவி சுபாக்கா சொன்னது ஒரே வரி. "தண்ணிக்கு மேல நான் படுக்க மாட்டன்."

ஆறு மாதம் இழுபறி. அவர் படகுப் படங்களை ஃபிரிட்ஜில் ஒட்டுவார், இவர் கிழித்துக் குப்பையில் போடுவார். கடைசியில் ஒரு சமரசம். படகின் இரும்பு உடம்புக்கு ஹல் என்று பேர். அதைச் செய்கிற இரண்டு இடங்களைப் போய்ப் பார்ப்பது. சுபாக்காவுக்கு நம்பிக்கை வந்தால் ஆர்டர். வராவிட்டால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

"தங்கச்சி, நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. நீங்கள் ஓமெண்டு சொன்னா அவவும் ஓமெண்டுவா," என்றார் அண்ணை.

பழியைப் போட ஆள் தேடுகிறார் என்று புரியாமல் இல்லை. ஆனால் பதினோரு வருஷ அனுபவம் சும்மா இருக்க விடுமா?

முதல் இடம் ஷோரூம் மாதிரி இருந்தது. சோபா, காபி மெஷின், கண்ணாடி மேஜையில் வழவழப்பான புத்தகம். கோட் போட்ட ஒருவர் கை குலுக்கினார். நான் எதிலும் மயங்கவில்லை. "பெயின்ட் அடிக்காத ஹல் இருக்கா?" என்று கேட்டேன். இந்தத் தொழிலில் முதல் கேள்வி அதுதான். பெயின்டுக்குக் கீழே எல்லோருமே உத்தமர்கள்.

இருந்தது. கூட்டிப்போனார். உள்ளே நுழைய ஆளுக்கொரு கனமான சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். ஹல் ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

தச்சர் பலகையைப் பார்ப்பாரே, அப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பக்கத் தகட்டை நீளவாக்கில் பார்த்தேன். அவசர வேலை என்றால் சூட்டில் தகடு நெளிந்திருக்கும். இங்கே ஒரு நெளிவும் இல்லை. வெல்டிங் வரிகளை விரலால் தடவினேன். நாணயத்தைச் சரித்து அடுக்கினது போல ஒரே சீர். கிரைண்டர் போட்டு மழுப்பின இடம் இருக்கிறதா என்று தேடினேன்... கிடையாது. யாரும் குனிந்து பார்க்காத உள்மூலைக்கு டார்ச் அடித்தேன். அங்கேயும் சுத்தம்.

"முதல் தரம் அண்ணை. கண்ணை மூடிக்கிட்டு ஆர்டர் கொடுக்கலாம்," என்று பாஸ் போட்டுவிட்டேன்.

அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த நிமிஷமே படகில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது.

சுபாக்கா அதுவரை படகில் கால் வைக்கவே இல்லை. கைப்பையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்தார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். படகின் பக்கத்தில், ஆள் நடந்து போக நாலைந்து விரற்கடை அகலத்தில் ஒரு விளிம்பு உண்டு. அதில் மெல்ல ஊற்றினார்.

தண்ணீர் வெளிப்பக்கம் வழியவில்லை. உள்பக்கம் சரிந்து, கேபின் சுவரோரம் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

"இந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார்.

நான் இங்கிலீஷில் கேட்டேன். கோட்காரர் சிரித்தார். ஸ்டாண்ட் கொஞ்சம் சாய்வாக இருக்கும், கால்வாயில் மிதக்கும்போது சரியாகிவிடும் என்றார். நியாயமான பதில். நானும் தலையாட்டினேன்.

சுபாக்கா ஆட்டவில்லை. படகைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். அங்கேயும் ஊற்றினார். அங்கேயும் உள்பக்கமே வந்து நின்றது. ஸ்டாண்ட் சாய்வாக இருந்தால் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே அல்லவா போக வேண்டும்? இரண்டு பக்கமும் உள்ளே வந்தால் சாய்வு ஸ்டாண்டில் இல்லை, வேலையில். தண்ணீர் நின்றால் இரும்பு துருப்பிடித்துவிடும்.

கோட்காரர் வாட்ச்சைப் பார்த்தார். "அது காய்ந்துவிடும்," என்றார்.

ஊரில் பாத்ரூம் தரை போட்டால், கொத்தனார் போகுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியா என்று பார்ப்போம். பார்க்காத வீடு உண்டா? அது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். டார்ச்சும் கையுமாகப் போன நிபுணருக்குத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

காரில் ஏறியதும் வாய்விட்டுக் கேட்டேன். "எப்படிக்கா உங்களுக்கு இது தோணிச்சு?"

"மன்னாரில இருந்து ராமேஸ்வரத்துக்கு வரேக்க எனக்குப் பத்தொன்பது வயசு, மாலதி. போட்டில ஓட்டை ஒண்டும் இல்லை. எல்லாரும் அதைத்தான் பாத்துப் பாத்து ஏறினவை. அலை அடிச்சு மேலால வந்த தண்ணிதான். வெளிய போக வழியில்லை. கரை வருமட்டும் ஒரு மாஜரின் டின்னால அள்ளி அள்ளி ஊத்தினனான்."

படகில் வந்த கதை அண்ணைக்குத் தெரியும். டின்னைப் பற்றித் தெரியாது என்று நினைக்கிறேன். கொஞ்ச தூரம் போனதும், "உமக்கு வேண்டாமெண்டா வேண்டாம், சுபா. வீட்டை போவம்," என்றார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம். மற்றதையும் பாப்பம்," என்றார் சுபாக்கா.

இரண்டாவது இடத்தில் காபி இல்லை. தகரக் கொட்டகை, வாசலில் ஒரு சோம்பேறி நாய். சேஃப்டி ஷூ மட்டும் இங்கேயும் கொடுத்தார்கள். முதலாளியும் அவரே, வெல்டரும் அவரே. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் கேள்விகளுக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். வெல்டிங் நல்ல வேலைதான். அழகில் முதல் இடத்துக்கு ஒரு மாற்றுக் குறைவு. இந்த முறை நான் பாஸ் போடவில்லை. வாயை மூடிக்கொண்டு சுபாக்காவைப் பார்த்தேன்.

அவர் போத்தலை எடுத்தார். அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவரே ஊற்றினார். விளிம்பில் விழுந்த தண்ணீர் வெளியே வழிந்தது. அந்தப் பக்கமும் வெளியேதான். முன்தளத்தில் ஊற்றினார். இரண்டு துவாரம் வழியாகக் கடகடவென்று இறங்கியது.

ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு தண்ணீர் தங்கிவிட்டது.

எங்களுக்கு முன்னால் அதைக் கவனித்தவர் அவர்தான். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்த ஈரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது என் தப்பு. வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பச் செய்கிறேன்," என்றார்.

என் பதினோரு வருஷத்தில் தப்பைச் சுற்றி வட்டம் போட்டது எப்போதும் நான்தான். செய்தவரே போட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே என் பாடத்தைத் திருத்திக்கொள்கிறேன். படகோ, வீடோ, பல் டாக்டரோ... வேலையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு, செய்தவரின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒருவர் வாட்ச்சைப் பார்த்தார், ஒருவர் தண்ணீரைப் பார்த்தார்.

சுபாக்கா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படகில் ஏற வைத்திருந்த ஏணிப்படியில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முதலாளி பதறிவிட்டார். உள்ளே எல்லாம் இரும்புத் தூள், கழற்றக் கூடாது என்றார்.

"இஞ்சருங்கோ, அவரிட்டைச் சொல்லுங்கோ," என்றார் சுபாக்கா தன் கணவரிடம். "வீட்டுக்குள்ள ஆரும் சப்பாத்தோட போவினமே?"

அண்ணை அதை இங்கிலீஷில் சொல்ல முயன்றார். பாதியில் திரும்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். மீதியை நான் சொன்னேன். அந்த மனிதர் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கி, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து முன்னிருந்து பின்வரை விரித்துக் கொடுத்தார்.

சுபாக்கா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். அண்ணையும் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். நானும் கழற்றினேன்.

என் சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓர் ஓட்டை. அதை மட்டும் எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.