ஜாமீனுக்கு வைத்த பாஸ்போர்ட்

வளைகுடாவில், புஜைராவில் என் ரூமில் இருந்த தம்பி ஒருவன் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ரோட்டைக் குறுக்கே கடந்த ஒருவர் மேல் ஒருநாள் வண்டி மோதி, அவர் இறந்துபோனார். தம்பியை உள்ளே வைத்துவிட்டார்கள். ஜாமீனில் விட வேண்டுமென்றால் அவன் பாஸ்போர்ட்டோடு இன்னொருவர் பாஸ்போர்ட்டும் கோர்ட்டில் இருக்க வேண்டும். கேஸ் முடியும்வரை இரண்டு பேரும் ஊருக்குப் போக முடியாது. நான் கொடுத்தேன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

கேஸ் இழுத்துக்கொண்டே போனது. அப்போதுதான் மன்னார்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள். "அம்மாவுக்கு ரொம்ப முடியலடா. ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. ஒடனே பொறப்பட்டு வா."

கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்வது? தம்பியையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினேன். நேரில் மனு வாங்க மாட்டார்களாம், எல்லாம் ஆன்லைனாம். டைப்பிங் சென்டரில் ஒரு மலையாளி சேட்டன் அரபியில் மனு அடித்து ஏற்றினார். கட்டணத்துக்குக் காசை நீட்டினால் கார்டுதான் வேண்டுமாம். என் கார்டு அந்த நேரம் பார்த்தா மக்கர் பண்ண வேண்டும்! தம்பி தன் கார்டை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் மனு நிராகரிப்பு என்று மெசேஜ் வந்தது. திரும்பவும் இரண்டு பேரும் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் இந்தியில் விளக்கினார். இதை எடுக்க வேண்டுமென்றால் வேறு ஒருவர் பாஸ்போர்ட் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாமீனில் வந்த ஆள் திரும்ப உள்ளே போக வேண்டும்.

"எங்கம்மா சாகக் கெடக்குய்யா! அது உங்க ஆப்புல ஏறாதா?" என்று தமிழிலேயே கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான்.

ரூமில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்கு விசா மாற வேண்டும். யாரைக் குறை சொல்வது? கம்பெனி ஆபீஸில் "மாஃபி", அதாவது கிடையாது, என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். தம்பி எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டான்.

மறுநாள் டூட்டியில் இருக்கும்போது கோர்ட்டிலிருந்து போன் வந்தது. பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எப்படி என்று கேட்டேன். உங்கள் ஆள் காலையிலேயே வந்து சரண்டர் ஆகிவிட்டார் என்றார்கள்.

டூட்டியைப் பாதியில் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினேன். போனில் அவனுடைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடந்தது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சொன்னா நீங்க விடமாட்டீங்க. மொதல்ல போய் அம்மாவப் பாருங்க. எங்கம்மா போன் பண்ணுச்சுன்னா, நான் தூரத்து சைட்ல இருக்கேன், சிக்னல் இல்லன்னு மட்டும் சொல்லிருங்க."

அடப்பாவி! இப்படியா செய்வான் ஒருவன்? பாஸ்போர்ட்டை வாங்கும்போது அவனைப் பார்க்கக் கேட்டேன், இன்றைக்கு முடியாது என்றுவிட்டார்கள். கோர்ட் வாசலிலேயே நின்று அழுதேன். பிறகு டிக்கெட் எடுக்கப் போனேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அங்க ஒன் வேலைய யாருப்பா பாக்குறா?" என்றாள்.

"ஒரு தம்பி பாத்துக்கிறான்மா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அந்தப் புள்ள எப்ப அவுங்கம்மாவப் பாக்கப் போவும்?"

"நான் திரும்பிப் போனதும் கெளம்பிடுவாம்மா" என்றேன்.

அம்மா என் விரலை விட்டாள். "அப்ப நீ சீக்கிரம் போயிடுப்பா" என்றாள்.