நீல மையில் ஐந்தாம் நிலை

பிற்பகல் இரண்டு பத்துக்கு மகளின் அழைப்பு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனை எடுத்தேன். இரண்டு மணிக்குள் அவள் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

“அப்பா, பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. பசறைக்கு அங்கிட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு எறங்கியிருக்கு. நீங்க ஒண்ணும்...”

அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அழைத்தாலும், தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள். ‘நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க’ என்று சொல்ல வந்தாளா, ‘நீங்க ஒண்ணும் அம்மாகிட்ட சொல்லாதீங்க’ என்று சொல்ல வந்தாளா? இரண்டுமே அவள் வழக்கமாகச் சொல்கிறவைதான். இது நடந்து ஆறு வாரமாகிறது. இப்போதும் அந்த நேரம் வந்தால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

பசறையைத் தாண்டி இருக்கும் மடுல்சீமைக்கு அவளை அனுப்பியவன் நான். அங்கே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் என் அக்கா இருக்கிறார். அவருக்கு இங்கே பதுளையில் செய்த மூக்குக்கண்ணாடி தயாராகி, நான்கு நாளாக எங்கள் அலுமாரியில் கிடந்தது. நான் போக வேண்டிய வேலை. முழங்கால் வலி என்று சொன்னேன், மகள் தானே போவதாகச் சொன்னாள். காலையில் வேலைக்குப் புறப்படும்போது மனைவி, “மழை விடலைன்னா பிள்ளைய அனுப்பாதீங்க” என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. அன்று மாலை ஏழு மணி வரை வேலை. அவள் போய் அரை மணிக்குள் மழை தூறலாகக் குறைந்தது. தூறலை மழை என்று சொல்ல முடியுமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே மகளின் பையில் கண்ணாடிப் பெட்டியை வைத்தேன்.

அழைப்பு அறுந்தபோது வீட்டில் நான் தனியாக இல்லை. மகளின் தோழிகள் இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரியின் மகள், எங்கள் தெருவிலேயே வீடு. மற்றவள் ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சனிக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அதற்குப் பலகையோ காய்களோ கிடையாது. வங்கி அதிகாரியின் மகள் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவாள்: பேய் பிடித்த கோட்டை, பேசுகிற ஆறு, இப்படி. மற்ற இருவரும் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பல முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். எட்டு மாதமாக இது நடக்கிறது. சத்தம் கேட்கும், சிரிப்புக் கேட்கும். நான் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

நான் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கே நிற்கும் முச்சக்கரவண்டிக்காரர் தலையை ஆட்டினார்.

“பசறைப் பக்கம் விட மாட்டாங்க சார். பொலிஸ் நிக்குது. இப்பதான் ஒருத்தர் போயிட்டுத் திரும்பி வந்தாரு.”

“ஆளுங்களுக்கு ஏதாவது...?”

“அது தெரியாது சார். மண்ணு எறங்கினதுன்னு மட்டும் சொல்றாங்க.”

வீட்டுக்கு வந்து நனைந்த குடையோடு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மின்சாரம் ஒரு மணியிலிருந்தே இல்லை. போனில் சார்ஜ் பதினெட்டு வீதம் இருந்தது. அழைத்தேன், பதினேழானது.

“அங்கிள், இருங்கோ” என்றாள் வங்கி அதிகாரியின் மகள். “எங்களுக்கு ஒரு வேலை செய்து தாங்கோ.”

ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். மகளின் கையெழுத்து. மேலே அவளுடைய பாத்திரத்தின் பெயர், அதன் கீழே ‘காட்டு வழிகாட்டி, நிலை நான்கு’, பிறகு கட்டம் கட்டமாக எண்கள். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியதில் தாள் மெலிந்து போயிருந்தது.

“போன கிழமை கோட்டையைப் பிடிச்சிட்டம். அதால எல்லாரும் ஐந்தாம் நிலைக்குப் போகினம். புதுசா ஒரு திறமை எடுக்கலாம். இண்டைக்குக் கதை தொடங்க முதல் எழுத வேணும். எழுதாட்டிப் பகடைதான் தீர்மானிக்கும்.”

“அவ வந்து எழுதட்டுமே.”

“வருவாள்தானே. அதுக்குள்ள நீங்கள் எழுதி வைச்சா நல்லம்.”

எனக்கு அது புரியவில்லை. அவள் வருவாள் என்றால் நான் ஏன் எழுத வேண்டும்? நான் எழுத வேண்டும் என்றால் அவள் வரமாட்டாள் என்று நினைக்கிறார்களா? ஆனால் என் கால்கள் களைத்திருந்தன. உட்கார்ந்தேன்.

மூன்று திறமைகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம். இரும்புத்தோல், காற்றுக்கால், துணை விலங்கு. நான் கல்விக் காரியாலயத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். ஆசிரியர்களின் இடமாற்ற விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். விருப்பத் தெரிவு ஒன்று, இரண்டு, மூன்று என்று மற்றவர்கள் நிரப்பியதைச் சரிபார்த்தே பழகியவன். எனக்காக அப்படி ஒரு கட்டத்தை நான் நிரப்பியதே இல்லை. நான் படித்த பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான் இருந்தது, அதைப் படித்தேன்.

“பிறகு மாத்தலாமா?” என்று கேட்டேன்.

“இல்லை அங்கிள். எடுத்தா எடுத்ததுதான்.”

இரும்புத்தோல் என்றால் என்ன என்று கேட்டேன். எது மேலே விழுந்தாலும் பாதிதான் காயம் படும் என்றாள் ஹாலிஎலப் பிள்ளை. எது விழுந்தாலும் என்றால், கல், மரம், மண்? “ஆமாங்க அங்கிள், எல்லாந்தான்.” அதற்கு மேல் யோசிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து ‘இரும்புத்தோல்’ என்று எழுதினேன்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தன.

“அங்கிள், பேனை!”

“ஏன்?”

“பென்சில்லதான் எழுதணும்... பரவால்ல, விடுங்க” என்றாள் ஹாலிஎலப் பிள்ளை. பிறகு தயங்கி, “ஆனா இரும்புத்தோல் எடுத்தா வேகத்துல ரெண்டு கொறையும். ஓட முடியாது” என்றாள்.

“ஓட முடியாதா?”

“மெதுவாத்தான் ஓடலாம்.”

மலையே சரிந்து இறங்கும்போது மெதுவாக ஓடுகிறவளுக்குத் தோல் இரும்பாக இருந்து என்ன பயன்? காரியாலயத்தில் தவறாக எழுதியதைக் கிறுக்கி அழிக்கக் கூடாது, அழிப்பானும் தொடக் கூடாது. படிக்கும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுத் திகதி போட வேண்டும். கை அதைத் தானாகச் செய்தது. அதற்குக் கீழே ‘காற்றுக்கால்’ என்று எழுதினேன்.

தாளைப் பார்த்த ஹாலிஎலப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். “அங்கிள் ஒப்பம் வச்சிருக்காரு! இனி யாரும் மாத்த ஏலாது!”

“சீல் ஒண்டு குத்தினா வேலை முடிஞ்சுது” என்றாள் மற்றவள்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உடனே போனை எடுத்து அழைத்தேன். மூன்று மொழிகளிலும் அதே பதில்.

“காற்றுக்கால் எடுத்தா எல்லாரையும் விட வேகமா முன்னுக்குப் போவாள்” என்றாள் வங்கி அதிகாரியின் மகள். கேட்டால் உள்ளதைச் சொல்கிற பிள்ளை, மறைக்கத் தெரியாது. “அதால சில நேரம் தனிய அகப்படுவாள். மற்ற ஆக்கள் பின்னால வந்து சேரச் சுணங்கும்.”

“தனியாவா?”

“சில நேரந்தான் அங்கிள்.”

பஸ்ஸிலிருந்து இறங்கி, மற்றவர்களுக்கு முன்னால் அந்த மண்ணைக் கடக்கப் பார்க்கும் ஒரு பெண்ணை நான் பார்த்தேன். அவள் என் மகளா, தாளில் இருப்பவளா? மேசையில் கை வைத்திருப்பவன் நான்தான் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கோடு போட்டேன். சுருக்கொப்பம் இட்டேன். திகதி போட்டேன். ‘துணை விலங்கு’ என்று எழுதினேன். குறைந்தபட்சம் பக்கத்தில் ஒன்று நிற்கும்.

“என்ன விலங்கு?”

“நீங்கதான் சொல்லணும். கரடி, ஓநாய், மலையாடு...”

“மலையாடு” என்றேன். ஆட்டுக்குக் கால் வழுக்காது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைப் பார்த்து, “இதுல என்ன?” என்று நானே கேட்டேன்.

“விலங்குக்குக் காயம் பட்டா, அது எழும்புற வரைக்கும் அவள் அதை விட்டிட்டுப் போக ஏலாது. அது சட்டம்” என்றாள் வங்கி அதிகாரியின் மகள்.

பேனை என் கையில்தான் இருந்தது. ஒரு தோட்டத்துப் பஸ்ஸில் யாருக்காவது காயம் பட்டால் என் மகள் விட்டுவிட்டு வருவாளா? சட்டம் எதுவும் இல்லாமலே வரமாட்டாள். மூன்றாவது கோட்டையும் போட்டேன். தாளில் மூன்று திறமைகள், மூன்று கோடுகள், மூன்று சுருக்கொப்பங்கள். எழுத வேறொன்றும் மிச்சம் இல்லை.

“இதுல எதை எடுத்தா அவ வீட்டுக்கு வந்து சேருவா?” என்று கேட்டேன்.

சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஹாலிஎலப் பிள்ளையின் கண்கள் நிறைந்துவிட்டன. மற்றவள் பகடையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, “அப்பிடி ஒண்டு இதில இல்லை அங்கிள்” என்றாள்.

மூன்றேகாலுக்கு என் போன் அணைந்தது. பிள்ளைகளின் போன்களில் மகளின் எண்ணை மாறி மாறி அழைத்தோம். ஹாலிஎலப் பிள்ளை கேட்டாள்:

“ஆன்ட்டிக்கு அடிச்சுப் பார்ப்பமா அங்கிள்? ஆஸ்பத்திரியில இருக்கவங்களுக்கு விஷயம் முதல்ல தெரியும்ல?”

மனைவி வேலை செய்யும் நோயாளர் விடுதியின் தொலைபேசி எண் எனக்கு மனப்பாடம். பதினைந்து வருடமாகத் தெரிந்த எண். “வேணாம்மா” என்றேன். “அவ நோயாளிங்க மத்தியில நிப்பா. பதறிப் போயிருவா.” அந்தப் பிள்ளை தலையசைத்தாள். அவளுக்கு நான் சொன்னது நியாயமாகப் பட்டிருக்கும். எனக்கே நியாயமாகத்தான் பட்டது. மனைவி எடுத்ததும் “பிள்ளைய அனுப்பினீங்களா?” என்று கேட்பாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இது காரணம் என்று அப்போது நான் எனக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை.

வங்கி அதிகாரியின் மகள் எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். எங்கள் சமையலறையில் சீனி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூவரும் குடித்தோம். மழை மறுபடி கனத்தது. நான் ஜெபிக்கப் பார்த்தேன். ஆண்டவரே என்று தொடங்கினால் இரும்புத்தோல், காற்றுக்கால் என்றுதான் அடுத்த வார்த்தை வந்தது. எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு குறை இருக்கும்போல் தோன்றியது. விரைவாக வரட்டும் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு வாசலில் முச்சக்கரவண்டிச் சத்தம் கேட்டது. நான் எழும்புவதற்குள் மகள் உள்ளே வந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு. மேலே மனைவியின் நீலக் குளிர்ச்சட்டை. தோழிகள் இருவரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அவளுடைய கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். மண் விழுந்தது பஸ்ஸுக்கு வெகு முன்னால். போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. எல்லோரும் இறங்கி வரிசையாக நடந்து மறுபக்கம் வந்தார்கள். ஒரு பெண் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். அவரை ஏற்றிய வேனில் இவளும் ஏறி, நேரே பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். சொல்லிக்கொண்டே மேசையைப் பார்த்தவள் நின்றாள்.

“யாரு இதுல பேனையால எழுதுனது?”

நான் பேனையைச் சட்டைப் பைக்குள் போட்டேன். வேலை முடியுமுன்பே அனுமதி வாங்கி மகளோடு வந்த மனைவி, வண்டியை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். குடையை மடக்கவில்லை. சண்டைக்கு வந்தவள்போல் இல்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

“மூணரைக்கே எங்கிட்ட வந்துட்டா. பாவம் அப்பா பயந்துருப்பாருன்னு உங்க போனுக்கு நாங்க எத்தனை தடவை அடிச்சோம். நீங்க ஏங்க எனக்கு ஒரு கோல் எடுக்கல?”